உஷ்ஷக்காவின் மதியத் தூக்கம்

எங்கள் தெருவில் வந்து என் அண்ணியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். உஷ்ஷக்கா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், நேற்று நடக்கப் பழகிய பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டும். எந்நேரமும் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் வந்த பட்டம் அது. சூட்டியது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் என் அண்ணன் பெண்டாட்டி, நான் நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதானே.

அண்ணி பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறாள். தெருக்கோடியில் ஒரு பிஸ்கட் பாக்டரி இருக்கிறது. அங்கே பேக்கிங் பிரிவில் நிற்கிற பெண்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் சங்கு ஊதியதும் வந்து தூக்கிப்போவார்கள். காப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாடகை வீடுதான். முன்னால் ஒரு பெரிய அறை, நடுவில் சமையலறை, பின்னால் இன்னோர் அறை, அதை ஒட்டிக் குளியலறை. சுவரில் பிள்ளைகளின் கை எட்டும் உயரம் வரைக்கும் துடைத்தால் போகிற பெயிண்ட், அதற்கு மேல் வெறும் சுண்ணாம்பு. முழுச் சுவருக்கும் அடிக்கக் கையில் வசதி இல்லை. கறை படுகிற வரைக்கும் அடித்தால் போதும், மேலே யார் போய்க் கை வைக்கப்போகிறார்கள் என்று அண்ணி சொல்லிவிட்டாள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் முழங்காலின் தயவால். அதற்கு முன்னால் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்தேன். நான் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த வரிசையில் பேரம் பேசிக்கொண்டிருப்பவன் பையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவான். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனதும், சும்மா வீட்டில் இருந்து எல்லோர் உயிரையும் எடுக்காதே, அண்ணிக்கு ஒத்தாசையாகப் போ என்று அண்ணன் அனுப்பிவைத்தான். சந்தையில் கத்திப் பிழைத்தவளைக் கொண்டுபோய்க் கிசுகிசுக்கிற இடத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் வாரமே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேசாமல் இருந்தே தொண்டை கட்டியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காப்பகத்தில் நாள் முழுக்கக் கூச்சல் இருக்கும், அதை அண்ணி கண்டுகொள்ள மாட்டாள். மதியச் சாப்பாடு முடிந்து முகம் கழுவி, பாய் விரித்துவிட்டால் மட்டும் கதையே வேறு. திரைச்சீலையை இழுத்துவிடுவாள். வாசல் மணியின் ஒயரை எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல மாட்டாள், தட்டிக்கொடுக்க மாட்டாள், கண்ணை மூடு என்று அதட்டவும் மாட்டாள். நடுவில் தன் பாயைப் போட்டுப் படுத்து அவள் தூங்கிவிடுவாள். நடிப்பு இல்லை, நிஜத் தூக்கம். மூச்சு ஏறி இறங்குவது கதவு வரைக்கும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகக் கண் சொருகும்.

இதற்கு அவளிடம் ஒரு நியாயம் இருக்கிறது. முழித்திருக்கிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிள்ளை தூங்காதாம். இது எப்போது தூங்கும், நாம் எப்போது எழுந்து போகலாம் என்று நாம் காத்திருப்பது அதற்குத் தெரிந்துவிடுமாம். அதனால் அவள் முதலில் தூங்க வேண்டும், நான் சமையலறை வாசற்படியில் ஸ்டூல் போட்டுக் கண்ணைத் திறந்துகொண்டு காவல் இருக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை முதலில் எழுந்தால் மற்றதைத் தொடாமல் என்னிடம் வரும். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். குடித்துவிட்டுச் சுவரோரம் போய்த் துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு உட்காரும். தூங்குகிறவரை யாரும் எழுப்பக் கூடாது. பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அது ஒன்றுதான் சட்டம்.

ஆரம்பத்தில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் கேட்டும்விட்டேன். எதற்கு அண்ணி இந்தத் தூக்கத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், இரண்டு பிள்ளை தூங்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று. அப்போதுதான் அவள் தன் மகன் கதையைச் சொன்னாள். என் சொந்த அண்ணன் மகன் கதை, எனக்கே அதுவரைக்கும் முழுசாகத் தெரியாது.

அண்ணியும் அந்த பிஸ்கட் பாக்டரியில் பேக்கிங்கில் நின்றவள்தான். மகனுக்கு ஒரு வயசு ஆவதற்குள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. பக்கத்துச் சந்தில் ஒரு அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் போனால் பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வந்தும் தூங்குவான். எம்பிள்ளை மாதிரி தொந்தரவு இல்லாத பிள்ளை உண்டா என்று அண்ணி பாக்டரி பூராவும் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எவ்வளவு உலுக்கியும் அவன் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், இருமல் மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்கள், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும் கொடுத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு வெளியூரில் லாரி ஓட்டுகிறான், மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் தொந்தி போட்டுவிட்டான். ஆனால் அண்ணி அன்றைக்கே பாக்டரி வேலையை விட்டாள். கூட நின்ற இரண்டு பெண்களின் பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். காப்பகம் அப்படித்தான் உண்டானது. பிள்ளை என்றால் தானாகத் தூங்க வேண்டும், தானாக எழ வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு முட்டுக்கட்டை கூரை வழியாக வந்தது. பின் அறைக்கு ஷீட் கூரை. அது ஒரு பக்கம் விரிசல் விட்டு, மழை வந்தால் ஒழுகும். முதலில் ஒரு வாளி வைத்தோம். அப்புறம் வாளிகளை வைக்கவே அந்த அறை சரியாகப் போயிற்று. பிள்ளைகள் எல்லோரும் முன் அறைக்கு வந்து நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். காப்பகங்களுக்கு உரிமம் கொடுக்கிற துறையிலிருந்து பார்வையிட வந்தவர்கள், இந்த வருஷத்துக்குள் பின் அறையையும் குளியலறையையும் சரி செய்யாவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டால், நான் என்ன காப்பகமா நடத்துகிறேன், நடத்துகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்றார். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவன் சம்பளத்தில் கூரையைக் கனவில் போடலாம்.

அந்தச் சமயத்தில்தான் காப்பகங்களை மேம்படுத்த அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று அண்ணன் கேட்டுக்கொண்டு வந்தான். எழுதிப் போட்டோம். இரண்டு படி தாண்டியாகிவிட்டது. கடைசிப் படி நேரில் வந்து பார்ப்பது. எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள், திடீரென்றுதான் வருவார்களாம். அதிகாரிக்குத் திருப்தி என்றால் மானியம். இல்லையென்றால் வருஷக் கடைசியில் காப்பகத்தைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். பேக்கிங் பெண்கள் எங்களைவிடப் பயந்துபோயிருந்தார்கள். காப்பகம் இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. ஒருத்தி தினமும் பிள்ளையை விடும்போது, வந்தாங்களாக்கா, வந்தாங்களாக்கா என்று கேட்டுக் கேட்டு எனக்கே பித்துப் பிடிக்க வைத்தாள்.

வந்தார்கள். எப்போது வந்தார்கள் என்கிறீர்கள்? வானம் இருட்டிக்கொண்டு, காற்று ஜில்லென்று அடிக்கிற ஒரு மத்தியானத்தில், முன் அறையே மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில்.

கதவை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பல்லி கத்துகிற மாதிரி மெல்லத்தான் தட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கையில் பைல், கக்கத்தில் குடை, கழுத்தில் அடையாள அட்டை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த நேரத்தில் கதவைத் திறந்தால் அண்ணி என் தோலை உரிப்பாள். திறக்காவிட்டால் மானியம் அப்படியே திரும்பி நடந்து போய்விடும். அண்ணியாக இருந்தால் நிச்சயம் நிற்க வைத்திருப்பாள். நான் அண்ணி இல்லையே, சந்தைக்காரி. வாசலுக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லை. திறந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். தரை முழுக்கப் பிள்ளைகள். ஒன்றின் கால் இன்னொன்றின் வயிற்றில், ஒன்றின் வாயில் கட்டைவிரல். நடுவில், வாய் லேசாகத் திறந்தபடி, என் அண்ணி. பொறுப்பாளர் எங்கே என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். தூங்குகிறாரே என்றார். நான் முழித்துக்கொண்டுதானே மேடம் இருக்கிறேன் என்று பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது பார்த்து அவர் கக்கத்திலிருந்த குடை நழுவித் தரையில் விழுந்தது. இரும்புக் கைப்பிடி, 'ணங்' என்று ஒரு சத்தம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு பிள்ளைகூட எழவில்லை. ஒன்று மட்டும் மூக்கைத் தேய்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது.

அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். குனிந்து ஒரு பிள்ளையின் மூச்சைக் கவனித்தார். அடுத்ததன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"இவ்ளோ பிள்ளைங்களும் ஒரே நேரத்துல எப்படிம்மா தூங்கும்? என்ன குடுத்தீங்க?"

சோறும் முட்டையும் கொடுத்தோம் என்றேன். அதற்கு அப்புறம் என்றார். ஆளுக்குக் கொஞ்சம் பால், அப்புறம் தண்ணீர் என்றேன். மருந்து, சிரப், ஏதாவது என்று இழுத்தார். எனக்கு உச்சி மண்டைக்குச் சுர்ரென்று ஏறியது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறாள் இந்தப் பொம்பளை? சந்தையாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். ஆனால் பாருங்கள், அந்த அறையில் கோபத்தைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் காட்ட முடியும். கண்ணை உருட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, சத்தமே இல்லாமல் நான் அவரோடு சண்டை போட்டேன். அவரும் பதிலுக்குக் கிசுகிசுவென்று சண்டை போட்டார். எங்களைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ பரம ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் அவருக்குத்தான் பொறுமை போயிற்று. நான் இதை இப்படியே விட முடியாது என்று குரலை உயர்த்தினார்.

"உஷ்."

அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரியைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். போச்சு, இருந்த கொஞ்ச நஞ்சமும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி தலைமுடியை முடிந்துகொண்டு, பிள்ளைகளின் நடுவில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து எங்களிடம் வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள். அந்த அம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். என்ன கொடுத்துத் தூங்கவைத்தீர்கள்?

இருமல் மருந்துக்குத் தன் பிள்ளையை வாரிக்கொடுக்க இருந்தவளிடம் போய் இந்தக் கேள்வி. நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தேன். அழுவாள், இல்லை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவாள் என்று நினைத்தேன். அண்ணி இரண்டும் செய்யவில்லை.

"நல்லா கேளுங்கம்மா. கேக்கத்தான் வேணும். எம்பிள்ளைக்கு அன்னிக்கு யாரும் இப்படி வந்து கேக்கல."

அப்புறம் மகன் கதையை இரண்டே வரியில் சொன்னாள். சமையலறையைத் திறந்துவிட்டாள். அலமாரி, பரண், முதலுதவிப் பெட்டி, என் கைப்பை உட்பட எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னாள். என் பையில் முழங்கால் தைலம் இருந்தது. அதை வாங்கி முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். பிள்ளைகள் குடித்து மீந்த பாலை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி மூடிப் பையில் வைத்துக்கொண்டார். டீ போடட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றார். தண்ணீராவது என்றேன். அதுவும் வேண்டாம் என்றார், வேகமாக. ஏன் என்று எனக்கா புரியாது?

பிறகு, ஒரு பிள்ளையை எழுப்புங்கள், எழுகிறதா என்று நான் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதானே? எழுப்பிக் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நான் பக்கத்தில் கிடந்ததன் தோளில் கை வைக்கக் குனிந்துவிட்டேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தூங்குற பிள்ளைய எழுப்ப மாட்டேம்மா. மானியம் கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல. நீங்க உக்காருங்க, அதுங்க தானா எந்திரிக்கும். அதுவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது? ஒரு பிள்ளை ஒரு நாள் கொஞ்சம் முன்னால் எழுந்தால் வானமா இடிந்து விழும்? காப்பகம் போனால் தினமும் இந்தப் பிள்ளைகள் எங்கே போய்ப் படுக்கும்? இத்தனையையும் நான் கண்ணாலேயே அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் அந்த அம்மா அண்ணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, சரி, இருக்கிறேன் என்று சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. பின் அறையில் வாளிகளுக்குள் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. அண்ணி பேசாமல் தன் பாயில் போய்ப் படுத்தாள். அவளுக்கு எப்படித்தான் முடிந்ததோ, கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சு கேட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக முதலில் எழுவது 'பெரியவர்'. மூன்று வயசுகூட நிரம்பாத பொடியன், முகத்தை மட்டும் பென்ஷன் வாங்குகிறவர் மாதிரி வைத்துக்கொண்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். அவன் எழுகிற நேரம் வந்தது, எழவில்லை. மழையும் குளிரும் சேர்ந்து தாலாட்டினால் எந்தப் பிள்ளை எழும்? மற்ற நாளெல்லாம் இந்நேரத்துக்குப் பாதி எழுந்திருக்கும். அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூடப் புரளவில்லை. எழுந்திருடா ராசா, எழுந்திருடா தங்கம் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்றாவது முறை அவர் பார்க்கவில்லை.

என்னடா இது என்று திரும்பினேன். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. பைல் மடியிலிருந்து சரிந்திருந்தது. தலை சுவரோடு சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அரசாங்கத்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எழுப்பவும் பயம், பார்த்துக்கொண்டிருக்கவும் பயம். ஒரு அதிகாரி தூங்கியதைப் பார்த்துவிட்டவர்களை அந்த அதிகாரி சும்மா விடுவாரா? தன் வெட்கத்தை மறைக்கவாவது நம்மைப் பற்றி ஏறுக்குமாறாக எழுதிவிட மாட்டாரா?

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் எழுந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வந்து தண்ணீர் குடித்தார். அடுத்து ஒன்று, அப்புறம் இரண்டு. அண்ணியும் எழுந்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதோ எழுந்துவிட்டதே, பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்த அம்மாவின் தோளைத் தட்டப் போனேன். அண்ணி மறுபடியும் என் கையைப் பிடித்தாள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாதாம். பிள்ளைக்கு ஒன்று, அதிகாரிக்கு ஒன்று என்று சட்டம் இல்லையாம். தலையில் அடித்துக்கொண்டேன், சத்தம் வராமல்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து, சுவரோரம் புதிதாக ஒரு ஆள் தூங்குவதைப் பார்த்தன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்து போய்த் துணிப் பொம்மைகளோடு அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. பாக்டரியில் சங்கு ஊதியது, அதற்கும் அவர் அசையவில்லை. நனைந்துகொண்டு வந்த அம்மாமார்கள் வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே வரிசையாக நின்றுவிட்டார்கள். தினமும் கேட்டு என் உயிரை எடுத்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, வந்துட்டாங்களாக்கா என்று வாயசைத்தாள். வந்து தூங்கியும் விட்டார்கள் என்று நான் ஜாடை காட்டினேன்.

அவர் கண் திறந்தபோது எதிரில் அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. திடுக்கிட்டுக் கண்ணாடியைத் தேடினார். பெரியவர் என்னிடம் வந்து கையை நீட்டினார். எழுந்தவருக்குத் தண்ணீர் தர வேண்டும், அதுதானே வழக்கம். நான் டம்ளரைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதியைத் தரையில் சிந்தி, மீதியைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் டம்ளரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

ரொம்ப நேரம் தூங்கிவிட்டேனா என்று அண்ணியிடம் கேட்டார். கொஞ்சம் கண்ணயர்ந்தீர்கள், அவ்வளவுதான் என்றாள் அண்ணி. அந்த அம்மா பையைத் திறந்து பால் பாட்டிலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ராத்திரியில மாத்திரை போட்டாக்கூட எனக்கு இப்படித் தூக்கம் வராது. இங்க தூங்குறதுக்கு முன்னால நான் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

பாலைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், அதுதான் முறை என்று அண்ணிதான் சொன்னாள். அவர் தலையை ஆட்டிப் பாட்டிலைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து பின் அறைக்குப் போனார். வாளிகளைப் பார்த்தார், விரிசலைப் படம் எடுத்தார், குளியலறைத் தரையை மிதித்துப் பார்த்தார், கேட்க வேண்டியதை எல்லாம் கறாராகக் கேட்டு எழுதிக்கொண்டார். முகத்தில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. போகும்போதும் நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடையை மறந்துவிட்டுப் போய், பாதித் தெருவில் நனைந்து திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. அண்ணன் ஆபீசுக்கு நடையாய் நடந்தான், இன்னும் முடிவாகவில்லை என்றே பதில். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் மத்தியானம் தூங்கும்போது அவள் புருவத்தின் நடுவில் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். முன்பெல்லாம் அது கிடையாது. ஸ்டூலில் இருந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே. கல்நெஞ்சக்காரி என்று என்னைச் சொல்வார்கள், எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

ஒரு மத்தியானம் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. சமையலறைக்குள் போய்க் காதில் வைத்தேன். அந்த அம்மா. மானியம் அனுமதியாகிவிட்டது, பால் சோதனையும் சுத்தமாக வந்துவிட்டது, கூரை, குளியலறை இரண்டுக்கும் சேர்த்தே கிடைக்கும், கடிதம் பின்னால் வரும் என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரே சொன்னார்.

"இப்ப அவங்க தூங்குற நேரம்ல? எழுப்பிடாதீங்க. எந்திரிச்சதும் சொல்லுங்க."

சந்தையில் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அன்றைக்குச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள், புருவத்தில் முடிச்சோடு. ஓடிப் போய் உலுக்க வேண்டும் போல இருந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன். சட்டம் என்றால் எனக்கும் சட்டம்தானே. அவ்வளவு நீளமான மத்தியானத்தை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. ஒரு சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது என் மாதிரி ஆளுக்கு லேசுப்பட்ட காரியமா?

ஒருவழியாக அண்ணி கண்ணைத் திறந்தாள். முடியை முடிந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் காதில் சொன்னேன்.

"அண்ணி, மானியம் வந்துடுச்சு. மூட வேண்டாம்."

அவள் என்னைப் பார்த்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள். அப்போதே போன் வந்தது, நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் பாருங்கள், இன்றைக்கும் வலிக்கிறது.

"அடிப்பாவி! என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

அவள் தொண்டைக்குள் அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. அறை அதிர்ந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து விழித்தன, நாலைந்து வீறிட்டு அழுதன. அண்ணி யாரையும் சமாதானப்படுத்தவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகளைவிடப் பெரிய குரலில் அழுதுகொண்டிருந்தாள்.